பஸ் வீட்டுக்கு ஆனிங்: பெங்களூரு காற்றுக்கும் மழைக்கும் தாங்க வேண்டுமானால்

பழைய பஸ்ஸையோ டெம்போ டிராவலரையோ வீடாக மாற்றுகிறவர்கள் கட்டில், அடுப்பு, பேட்டரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் ஆனிங் பக்கம், அதாவது வண்டியின் பக்கவாட்டில் நிழலுக்கு விரித்து மூடும் துணிக் கூரை பக்கம், வருகிறார்கள். அதற்குள் உள்பக்கம் பிளைவுட் அடித்து மூடியாகிவிடும். பில்லர் (ஷீட்டைத் தாங்கும் இரும்புத் தூண்) எங்கே இருக்கிறது, எங்கே வெறும் ஷீட் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் வேலை தொடங்கும்போதே ஆனிங் எந்தப் பக்கம், எந்த உயரத்தில் வரப்போகிறது என்று முடிவு செய்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒவ்வொரு பில்லரும் பின் மூலையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். டேப்பை வைத்தபடியே ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்து நிமிட வேலை பிறகு இரண்டு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

எதை வாங்குவது என்று கேட்டால் எல்லோரும் முதலில் அளவைச் சொல்வார்கள், அடுத்து துணியை, அடுத்து விலையை. பெங்களூருவில் இருந்துகொண்டு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வேறு: ஒரே ஆள், காற்று அடிக்கும்போது, எத்தனை நிமிடத்தில் இதை மூட முடியும்?

காரணம் நம் ஊர் வானம். ஏப்ரல், மே மாதங்களில் காலை முழுக்க வெயில் காயும். மூன்று, நான்கு மணிக்கு மேகம் கறுக்கும். முதலில் புழுதியோடு காற்று வரும், மழை அதற்குப் பின்னால்தான் வரும். ஆனிங் துணி கிழிவதும் அதைத் தாங்கும் மடக்குக் கை வளைவதும் அந்த முதல் சில நிமிடங்களில்தான். 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம் என்றால் துணியின் பரப்பு 7.5 சதுர மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஏழரை கிலோ எடைக்குச் சமமான விசை விழும். மொத்தத் துணிக்கும் கிட்டத்தட்ட 57 கிலோ. காற்று 60 கிலோமீட்டரானால் அது 130 கிலோவாகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் விசை இரண்டேகால் மடங்கு கூடுகிறது. இந்த இழுப்பு முழுவதும் வண்டியில் நீங்கள் போட்ட நாலு போல்ட்டுக்குத்தான் வந்து சேர்கிறது.

தண்ணீர்க் கணக்கு இன்னும் எளிது. 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர், அதாவது 1 கிலோ. 20 மில்லிமீட்டர் மழை இந்தத் துணியில் வழியாமல் தேங்கினால் 150 கிலோ. 2024 ஜூன் 2 அன்று பெங்களூருவில் ஒரே நாளில் 111.1 மில்லிமீட்டர் பெய்தது. அன்று இதே துணியின் மேல் விழுந்த தண்ணீர் 830 லிட்டருக்கு மேல். எந்தக் கம்பெனி ஆனிங்கும் அதைத் தாங்கச் செய்ததில்லை. வழிய விட வேண்டும், இல்லையேல் மூடிவிட வேண்டும். வேறு வழி கிடையாது.

இந்தக் கண்ணோடு வகைகளைப் பார்ப்போம். ஃபியாம்மா, தூலே, டொமெட்டிக் போன்றவர்கள் செய்யும் பெட்டி ஆனிங்கில் துணி ஒரு நீண்ட அலுமினியப் பெட்டிக்குள் சுருண்டிருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் மடக்குக் கைகள் விரிந்து வெளியே தள்ளும். காலை மடக்கி, கைப்பிடியைச் சுற்றி மூட ஒரு ஆளே போதும், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாங்கும் வசதி இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெளியே நின்று வண்டியைப் பார்க்கும்போது கைப்பிடி பொதுவாக வலது முனையில் இருக்கும். நம் வண்டிகளில் வாசல் இடப்பக்கம் என்பதால் அந்த வலது முனை வண்டியின் பின்மூலையில் வந்து விழும். அங்கே ஏணியோ கேஸ் பெட்டியோ வைத்திருந்தால் கைப்பிடியைச் சுற்ற இடம் இருக்காது. ஆர்டர் கொடுக்கும் முன்பே இடது முனைக் கைப்பிடி கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

வௌவால் இறக்கை மாதிரி பின்மூலையிலிருந்து 270 டிகிரி விரியும் வகை பார்க்க அழகு, நிழலும் ஏராளம். விரிப்பது சுலபம், மூடும்போதுதான் சிரமம். ஒவ்வொரு மடிப்பையும் கைகளுக்கு நடுவே திணித்து, பெல்ட் போட்டு, பைக்குள் அடக்கி ஜிப் இழுக்க வேண்டும். காற்றில் ஒரு ஆளால் ஆகாது. இரண்டு பேர் எப்போதும் சேர்ந்தே போகிறவர்களுக்கு மட்டும் சரி. இதில் இடது, வலது என்று தனித்தனியாக வரும். ஆஸ்திரேலியக் கடையில் ‘பேசஞ்சர் சைடு’ என்றால் நமக்கும் அதே இடப்பக்கம். அமெரிக்கக் கடையில் அதே சொல்லுக்கு வலப்பக்கம் என்று பொருள். இதைக் கவனிக்காமல் வாங்கினால் நிழல் ரோட்டுப் பக்கம் விழும்.

அமெரிக்க மோட்டார்ஹோம்களில் வரும் செங்குத்துக் கை வகையில் சுருள் குழாய்க்குள் முறுக்கு ஸ்பிரிங் இருக்கும். பழைய வண்டியிலிருந்து கழற்றியது மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் ஸ்பிரிங் முறுக்கேறிய நிலையிலேயே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. முனை மூடியின் துளையில் பின் போட்டுப் பூட்டாமல் கையைக் கழற்றினால் குழாய் முனை வெறிபிடித்ததுபோல் சுழலும். விரலும் மணிக்கட்டும் முறியும். இந்த ஒரு வேலையை வீட்டில் முயல வேண்டாம்.

வருடத்துக்குப் பத்து நாள்தான் வெளியே போகிறேன் என்பவர்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. கூரை ஓரத்தில் ஒரு அலுமினியக் கேடர் ரெயில், அதற்குள் நுழையும் கயிறு விளிம்பு வைத்துத் தைத்த துணி, இரண்டு கம்பு, நாலு கயிறு. காற்று வந்தால் கம்பைச் சாய்த்துவிட்டுத் துணியை ரெயிலிலிருந்து உருவிவிடலாம். உடைய ஒன்றுமே இல்லை.

பெட்டி ஆனிங் வாங்குகிறவர்கள் வண்டியின் அகலத்தை அளக்க மறக்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 93-ன்படி வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. டெம்போ டிராவலர் குறுகலான வண்டி, பக்கவாட்டில் பெட்டி வைத்தாலும் பிரச்சினை இல்லை. முழு பஸ் ஏற்கெனவே இரண்டரை மீட்டருக்கு வந்து நிற்கும். அதில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் துருத்தும் பெட்டியைப் பக்கவாட்டில் வைத்தால் எல்லை தாண்டிவிடும். பஸ்ஸுக்குக் கூரை ஓரத்தில் வைக்கும் வகைதான் ஏற்றது. நடைமுறையிலும் அதுதான் நல்லது: இடது ஓரமாக ஓட்டும்போது சாலையோரத் தூங்குமூஞ்சி மரக் கிளைகள் முதலில் அடிப்பது அந்தப் பெட்டியைத்தான். கூரையில் வைத்தாலும் முன்முனைக்கு எதிரே ஒரு வளைந்த பைப் காவல் வைத்து, கிளை பெட்டியின் வாயில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பொருத்துவது. 4 மீட்டர் பெட்டி கிட்டத்தட்ட 30 கிலோ வரும். விரித்த நிலையில் அந்த எடையில் ஒரு பகுதி 2.5 மீட்டர் நீளக் கடப்பாறையின் நுனியில் தொங்குகிற மாதிரி, பெட்டியை வண்டியோடு பிடிக்கும் பிராக்கெட்டை நெம்பும். ஷீட்டில் மட்டும் ரிவெட் அடித்தால் ஆறு மாதத்தில் துளை முட்டை வடிவமாகிவிடும். பில்லரில்தான் போக வேண்டும். உள்பக்கம் ஏற்கெனவே மூடிவிட்டீர்களா? வெளியே ரிவெட் வரிசையைப் பாருங்கள். பில்லர் போகும் இடமெல்லாம் ரிவெட் நேர்கோட்டில் இறங்கும். அலுமினிய ஷீட் என்றால் நல்ல காந்தம் ஒன்றை மேலே நகர்த்துங்கள், இரும்புப் பில்லர் வந்ததும் லேசாக இழுக்கும்.

துளையை முதலில் 3 மில்லிமீட்டரில் போட்டு, பிறகு எட்டரைக்குப் பெரிதாக்குங்கள். வெட்டிய விளிம்பில் ஜிங்க் பிரைமர் தடவிக் காயவிடுங்கள். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான், துரு தொடங்குவதும் இங்கேதான். துருப்பிடிக்காத எஸ்.எஸ். 304 தரத்தில் 8 மில்லிமீட்டர் (எம்8) போல்ட், உள்ளே 5 மில்லிமீட்டர் தடிமனில் 5க்கு 10 சென்டிமீட்டர் பேக் பிளேட், அதன் மேல் நைலான் வளையம் வைத்த நைலாக் நட். சதுர பைப் பில்லரைக் குறுக்கே துளைத்து இறுக்கினால் பைப் நசுங்கும். உள்ளே ஒரு ஸ்லீவ் குழாய் வைத்து அதன் வழியே போல்ட்டை விடுங்கள். அலுமினியப் பிராக்கெட் நேராக இரும்பைத் தொடக் கூடாது. ஈரம் பட்டால் இரண்டும் சேர்ந்து சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவே ரப்பர் ஷீட்டோ நைலான் வாஷரோ போடுங்கள்.

பஸ்ஸின் மேல்விளிம்பு வளைவாக இருக்கும். தட்டையான பிராக்கெட்டை அதில் வைத்து இறுக்கினால் ஓரம் மட்டும் ஒட்டும், ஷீட் குழிந்துவிடும். ஒரு அட்டையை வளைவில் வைத்து, பொருந்தும்வரை கத்தரித்து, அந்த அட்டையையே மாதிரியாகக் கொண்டுபோய்ப் பீண்யா பக்கம் எந்த வெட்டுப் பட்டறையில் கொடுத்தாலும் ஆப்புப் பிளேட் செய்து தருவார்கள். ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னும் வளைவு மாறும், ஒவ்வொரு பிராக்கெட் இடத்திலும் தனித்தனியாக அட்டை வெட்டுங்கள்.

ஒழுகாமலிருக்கச் சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம். அதன் மேல் பெயின்ட் பிடிக்காது, பிறகு சுரண்டி எடுத்தாலும் வேறு எதுவும் அங்கே ஒட்டாது. பிராக்கெட்டுக்கு அடியில் பியூட்டைல் டேப், விளிம்பைச் சுற்றிச் சிகாஃப்ளெக்ஸ் மாதிரியான பாலியூரித்தேன் சீலன்ட். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் காய்வது, ஒரு நாளைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். மறுநாளே வண்டியை எடுக்காதீர்கள். முதல் 500 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள், நம் ஊர் ஹம்ப்களில் ஏறி இறங்கினதில் ஒன்றாவது இளகியிருக்கும்.

மோட்டார் ஆனிங் வாங்கினால் வோல்டேஜைப் பாருங்கள். பெரிய பஸ்கள் 24 வோல்ட், ஆனிங் மோட்டார்கள் பெரும்பாலும் 12 வோல்ட். வீட்டு பேட்டரி 12 என்றால் அதிலிருந்தே எடுங்கள். 10 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 6 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் அரை வோல்ட்தான் இறங்கும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். கையால் மூடும் வழி இல்லாத மோட்டார் ஆனிங்கை வாங்கவே வாங்காதீர்கள்.

துணி விஷயத்தில் மூன்றுதான் உருப்படி. பி.வி.சி. பூசிய பாலியஸ்டர் முழுக்கத் தண்ணீர் விடாது, துடைத்தால் போதும், ஆனால் அடியில் வெக்கை நிற்கும். அக்ரிலிக் துணியில் சாயம் நூலுக்குள்ளேயே இருப்பதால் வருடக்கணக்கில் வெளுக்காது, காற்றும் போகும், கனமழைக்குக் கொஞ்சம் கசியும். பருத்தி கலந்த ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாத நெசவு) கேன்வாஸ் 300 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவில் கெட்டியாக இருக்கும். புதுத் துணியை முதலில் இரண்டு மூன்று தடவை நனைத்துக் காயவைக்க வேண்டும். நூல் உப்பி ஊசித் துளைகளை அடைத்துக்கொள்ளும். அதற்கு முன் ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். சாதாரண நீலத் தார்ப்பாய் அவசரத்துக்கு மட்டும்தான். வெயிலில் ஒரே வருடத்தில் பொடியாக உதிர்ந்து மண்ணில் கலக்கும். கோடையில் மட்டும் போகிறவர்களுக்கு நர்சரிகளில் விற்கும் 75 சதவீத நிழல் வலை அருமையான பொருள். காற்று ஊடே போவதால் இழுப்பு குறையும்.

தைக்கக் கொடுக்கக் கலாசிபாளையம் பக்கம் லாரித் தார்ப்பாய் தைக்கிறவர்களைவிட நல்ல கை கிடைக்காது. பலர் தமிழ் பேசுகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் லாரிக்குத் தைத்துப் பழகியவர்கள், நீங்கள் சொல்லாவிட்டால் துணியின் அகலத்துக்குத் தோதாக ஒட்டுத் தையலைக் குறுக்கே போட்டுவிடுவார்கள். குறுக்குத் தையல் ஒவ்வொன்றும் தண்ணீருக்கு ஒரு சின்ன அணை. “அண்ணா, தையல் வண்டியிலிருந்து வெளியே ஓடணும், தண்ணி ஓடுற பக்கமே. குறுக்கால ஒண்ணும் வேண்டாம். பாலியஸ்டர் நூல் போடுங்க, காட்டன் வேண்டாம்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஓரம் 5 சென்டிமீட்டர் இரட்டை மடிப்பு, 45 சென்டிமீட்டருக்கு ஒரு பித்தளை ஐலெட், நாலு மூலையிலும் 15 சென்டிமீட்டர் முக்கோணமாகப் பெல்ட் துணி வைத்துத் தைத்தல். மூலை கிழிந்தால் மொத்தமும் போச்சு, அதனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

விரிக்கும்போது சரிவு. 2.5 மீட்டருக்கு முன்விளிம்பு 60 சென்டிமீட்டராவது தாழ வேண்டும். பஸ்ஸில் கூரை ஓரம் மூன்று மீட்டருக்குப் பக்கத்தில் இருப்பதால் தாராளமாகத் தாழ்த்தலாம். டெம்போ டிராவலரில் அப்படித் தாழ்த்தினால் தலையில் இடிக்கும். அங்கே அவ்வளவு தாழ்த்தாமல், ஒரு காலை மட்டும் மற்றதைவிட 20 சென்டிமீட்டர் இறக்கிவிடுங்கள். தண்ணீர் அந்த மூலைக்கு ஓடி ஒரே கோடாக விழும். வாசலுக்கு எதிர் மூலையாகப் பார்த்து இறக்குங்கள். மழை பெய்யும்போது அடியில் நின்று மேலே பாருங்கள்: துணியில் கன்னுக்குட்டி வயிறு மாதிரி ஒரு தொப்பை விழுந்திருந்தால் சரிவு போதவில்லை. கையால் தள்ளி வழியவிட்டு உடனே காலை இறக்குங்கள். தொப்பை ஒருமுறை விழுந்தால் துணி அந்த இடத்தில் நீண்டுவிடும், அடுத்த மழைக்கும் அங்கேதான் தேங்கும்.

கட்டும் முளைக்கு 12 மில்லிமீட்டர் டி.எம்.டி. கம்பி, 45 சென்டிமீட்டர் நீளம், தலையை வளைத்தது. கோடையில் செம்மண் கல் மாதிரி இறுகியிருக்கும், கடப்பாறையால் வழி போட்டுத்தான் இறக்க வேண்டும். மழைக்காலத்தில் அதே மண் வெண்ணெயாகிவிடும், அப்போது 60 சென்டிமீட்டர் நீளம் தேவை. ராமநகரா, சாவனதுர்கா மாதிரிப் பாறை நிலத்தில் முளை இறங்காது. 20 லிட்டர் தண்ணீர் கேனில் கட்டுவார்கள். மேலே போட்ட 57 கிலோ கணக்கை நினைத்துப் பாருங்கள், இரண்டு கேன் சேர்த்தாலே 40 கிலோதான். பாறை மேல் நின்றால் இலை சலசலக்கும்வரை விரித்திருக்கலாம், சின்னக் கிளைகள் ஆடத் தொடங்கினால் மூடிவிட வேண்டும். இரவு படுக்கப் போகும்போதும், வண்டியை விட்டு நடக்கப் போகும்போதும் மூடியே வையுங்கள், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி.

பராமரிப்பில் பாதி, உலர்த்துவதுதான். நனைந்த துணியைச் சுருட்ட வேண்டி வந்தால் இரண்டு நாளுக்குள் மறுபடி விரித்துக் காயவிடுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூருவில் இது சுலபமில்லை. அபார்ட்மென்ட் நிறுத்தத்தில் ஒரு மீட்டர் மட்டும் வெளியே இழுத்து, ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டாலும் போதும். பூஞ்சைப் புள்ளி விழுந்தால் அக்ரிலிக்குக்கும் பி.வி.சி.க்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், மென்மையான பிரஷ், நிறையத் தண்ணீர். கேன்வாஸுக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர். சலவைத்தூள், மண்ணெண்ணெய், தின்னர், பிரஷர் வாஷர் நான்கும் கூடாது. புங்கை மரத்தடியில் நிறுத்தினால் பிசுபிசுப்பு சொட்டும், அதன் மேல் கரும்பூஞ்சை படரும். குல்மொஹர் கிளைகளோ காற்றுக்குச் சட்டென்று முறியும். நிழலுக்காக அவற்றுக்கு அடியில் விரிக்காதீர்கள்.

மடக்குக் கைகளின் மூட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை உலர் சிலிக்கான் ஸ்பிரே. கிரீஸ் தடவினால் புழுதி ஒட்டி மூட்டை அரைக்கும். ஓட்டும்போது கை தானாக விரியாமலிருக்கப் பெட்டியின் பூட்டு விழுந்ததா என்று கையால் இழுத்துப் பாருங்கள். பெட்டி இல்லாத வகைக்கு நடுவிலும் இரு முனையிலும் பெல்ட் கட்டுங்கள்.

மாதம் ஒருமுறை உச்சி வெயிலில் முழுக்க விரித்து, அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கை மடங்கும் மூட்டு துணியில் உரசும் இடத்தில், இரவு வானத்து நட்சத்திரம்போல் ஊசிமுனை வெளிச்சங்கள் தெரியும். ஐந்தாறு என்றால் இப்போதே ஒட்டலாம், விட்டால் அடுத்த காற்றுக்கு அந்த வரிசையிலேயே கிழியும். பி.வி.சி. துணிக்கு அதே பி.வி.சி.யில் துளையைச் சுற்றி 5 சென்டிமீட்டர் கூடுதலாக ஒரு துண்டு வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள், கூர்மூலை முதலில் உரியும். இரு பக்கமும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பி.வி.சி. பசை மெல்லிசாகத் தடவி, ஒட்டுமளவு காய்ந்ததும் ஒட்டி, ஒரு கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். அக்ரிலிக் என்றால் ஒட்டுடன் ஓரத் தையலும் போட வேண்டும். நீலத் தார்ப்பாயில் எந்தப் பசையும் பிடிக்காது, பாலித்தீன் அப்படித்தான். தார்ப்பாய் டேப் அல்லது சூடுபோட்டு ஒட்டல் மட்டும். ஒட்டு வேலை முடிந்த துணியை ஒரு நாள் விரித்தே வைத்திருந்துவிட்டு, மறுநாள் மூட்டு உரசும் இடத்துக்கு மேலே கைக்கு ஒரு பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிய பிறகே சுருட்டுங்கள்.